வேலியில்லாத பூங்கா

ஆப்பிரிக்காக் கண்டத்தின் மேற்கு ஓரத்தில், சஹாரா பாலைவனத்தின் மணல் அட்லாண்டிக் சமுத்திரத்தில் இறங்கி மறையும் இடத்தில், ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. மாரிட்டேனியா தேசத்தைச் சேர்ந்த அந்தப் பூங்காவுக்குப் பான் தார்கேன் என்று பெயர். 1976-ம் வருஷத்தில் அது ஸ்தாபிக்கப்பட்டது. பரப்பு 12,000 சதுர கிலோமீட்டர். ஆப்பிரிக்கப் பூங்கா என்றவுடன் நமக்குச் சிங்கமும் யானையும் ஒட்டகச்சிவிங்கியுமே ஞாபகத்துக்கு வரும். அவற்றைத் தேடி அங்கே போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். ஒரு புறம் மணல்; மறு புறம் கடல்; இரண்டுக்கும் நடுவே, கடல் வற்றும்போது வெளியே தெரிந்து பெருகும்போது மூழ்கிவிடும் சேற்று வெளி. அந்தச் சேறுதான் பூங்காவின் செல்வம். வடதுருவத்தை அடுத்த குளிர்ப் பிரதேசங்களில் கோடையைக் கழித்த கரைப்பறவைகள், குளிர்காலத்தில் இருபது லட்சத்துக்கு மேல் அங்கே வந்து இறங்குகின்றன. 1989-ம் வருஷத்தில் உலகப் பாரம்பரிய ஸ்தலங்களின் ஜாபிதாவில் அந்தச் சேறு இடம் பெற்றது.

அங்கே ஜனங்களும் வசிக்கிறார்கள். இம்ராகன் என்னும் அவர்கள் பரம்பரையாக மீன் பிடிப்பவர்கள். பூங்காவுக்குள் இயந்திரப் படகில் போய் மீன் பிடிக்க அனுமதி இல்லை. பாய்மரப் படகுதான் செல்லலாம். அந்த உரிமையும் அங்கேயே வசிக்கும் இம்ராகன் ஜனங்களுக்கு உரியது. அவர்கள் முக்கியமாகத் தேடும் மீன் மடவை.

மடவை நமக்குத் தெரியாத மீனா என்ன? சேறும், சேற்றை நாடி வரும் பறவையும், மடவைக்கு வலை போடும் மீனவரும் சேர்ந்த பிரதேசம் ஒன்று சென்னைப் பட்டணத்தின் வடக்கு வாசலிலேயே இருக்கிறது. அதுதான் எண்ணூர்க் கழி. அதற்கு வேலி இல்லை. பூங்கா என்ற பட்டமும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பூகோளப் புஸ்தகத்தில் நைல் நதியின் நீளத்தையும் காங்கோக் காட்டின் மழையையும் மனப்பாடம் செய்யும் நம் பிள்ளைகளுக்கு, தங்கள் பட்டணத்தின் வெள்ளம் எந்த வழியாகக் கடலுக்குப் போகிறது என்று தெரியாது. பூகோளம் கற்பிக்கும் உபாத்தியாயன் என்ற முறையில் எனக்கு இது ஒரு நீண்ட நாளைய குறை. ஆகவே இந்தக் கழியின் அமைப்பை நேயர்களுக்குப் பாகம் பாகமாக விளக்க விரும்புகிறேன்.

மூன்று நீர் கூடும் இடம்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் ரயில் எண்ணூர் ஸ்டேஷனை விட்டுப் புறப்பட்டு அத்திப்பட்டுப் புதுநகரை அடைவதற்குள் ஒரு நீர்ப்பரப்பைக் கடக்கிறது. ரயிலில் இருப்பவர்களில் அநேகர் பத்திரிகையை விட்டுத் தலை நிமிர்வதில்லை. நிமிர்ந்து பார்ப்பவர்களுக்கும் அது சாம்பல் நிறமான தண்ணீராகவும், கரையோரம் கொஞ்சம் புதராகவும், பின்னால் புகைபோக்கிகளாகவும்தான் தெரியும். ஆனால் மூன்று வெவ்வேறு நீர்கள் சந்திக்கும் இடம் அது.

மேற்கேயிருந்து கொசஸ்தலை ஆறு வருகிறது. கிழக்கேயிருந்து முகத்துவாரம் வழியாக வங்காள விரிகுடாவின் உப்புநீர் ஏறி வருகிறது. தெற்கு வடக்காகப் பக்கிங்ஹாம் கால்வாய் ஊடுருவிச் செல்கிறது. இந்தக் கழியின் வடக்குக் கிளை காட்டுப்பள்ளிக்குப் பின்புறமாக நீண்டு பழவேற்காடு ஏரியோடு சேருகிறது. பழவேற்காடு, ஒரிஸ்ஸாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக நம் தேசத்தின் பெரிய உப்புநீர் ஏரி. எண்ணூரை அந்த ஏரியின் தெற்கு வாசல் என்று சொன்னாலும் தவறில்லை.

கால்வாயின் கதையையும் இங்கே சொல்லிவிடலாம். 1806-ம் வருஷத்தில் பேஸில் காக்ரேன் என்ற ஆங்கில வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூருக்குப் படகு போக வெட்டிய கால்வாய் அது. பிறகு வடக்கே பழவேற்காட்டுக்கும் அப்பாலும் நீண்டது. 1877-78-ம் வருஷங்களின் பெரும் பஞ்சத்தில், நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. பசித்த ஜனங்கள் கூலிக்கு மண் சுமந்தார்கள். கால்வாய்க்குக் கவர்னராயிருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் கிடைத்தது.

கழி என்பது பழைய தமிழ்ச் சொல். நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் கழியையும் கண்டலையும் தாழையையும் அடும்பையும் கண்ணால் கண்டு பாடினவர்கள். எண்ணூர் மீனவர்கள் இதை வெறுமனே 'ஆறு' என்று சொல்லுகிறார்கள். சர்க்கார் காகிதங்களிலோ இப்படிப்பட்ட இடங்களுக்குப் புறம்போக்கு என்று பெயர். மூன்று பெயர்களில் எது பொருந்தும் என்பதைக் கட்டுரையின் முடிவில் நேயர்களே தீர்மானிக்கட்டும்.

நதி கொண்டுவருவது

சென்னையைச் சுற்றி ஓடும் மூன்று நதிகளில் கூவமும் அடையாறும் பெயர் பெற்றவை. மூன்றிலும் பெரியதான கொசஸ்தலையைத்தான் பட்டணத்தார் மறந்துவிட்டார்கள். பள்ளிப்பட்டுப் பக்கத்தில் தோன்றி, சுமார் 136 கிலோமீட்டர் ஓடி, எண்ணூரில் கடலை அடைகிறது இது. பட்டணத்தாரின் குடத்தை நிரப்புவதும் இதுவே. ஸ்ரீ எஸ். சத்தியமூர்த்தி சென்னை மேயராக இருந்த காலத்தில், பட்டணத்தின் தண்ணீர்ப் பஞ்சத்தைத் தீர்க்க இந்த நதியின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் கட்ட ஏற்பாடு செய்தார். யுத்த காலத்து நெருக்கடிகளுக்கு நடுவே வேலை நடந்து 1944-ம் வருஷத்தில் முடிந்தது. அவர் 1943-ம் வருஷத்திலேயே காலமாகிவிட்டபடியால் நிறைவைக் காணக் கொடுத்துவைக்கவில்லை. நீர்த்தேக்கம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. கிருஷ்ணா நதியின் தண்ணீரும் 1996 முதல் கால்வாய் வழியாக இங்கேதான் வந்து சேருகிறது.

பூண்டி நிரம்பினால் என்ன ஆகும்? மதகுகளைத் திறந்துவிடுவார்கள். அந்த வெள்ளம் வல்லூர் அணைக்கட்டைத் தாண்டி எண்ணூருக்கு வரும். புழல் ஏரியின் உபரிநீரும் தன் கால்வாய் வழியாக இங்கேதான் வந்து விழும். ஐப்பசி கார்த்திகையில் வடக்குப் பிரதேசம் முழுவதும் பொழியும் மழைக்குக் கடைசியில் உள்ள வாசல் எண்ணூர் ஒன்றுதான்.

ஒரு வாசலில் திரளான கூட்டம் ஒரே சமயத்தில் வெளியேற வேண்டுமானால், வாசலுக்கு முன்னால் விசாலமான முற்றம் வேண்டும். கடல் பெருகியிருக்கும் நேரத்தில் ஆற்று வெள்ளம் வெளியேற முடியாது. ஓதம் வற்றும் வரையில் சில மணி நேரம் அது எங்கேயாவது காத்திருந்தாக வேண்டும். அப்படிக் காத்திருப்பதற்கு இயற்கை கொடுத்த முற்றமே கழியின் சதுப்பு நிலமும் உப்பளங்களும். முற்றத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கினால் வெள்ளம் ஊருக்குள்ளேதான் காத்திருக்கும். 2021-ம் வருஷம் நவம்பரில் பூண்டி உபரிநீர் மணலிப் புதுநகர்த் தெருக்களில் புகுந்து நின்றபோது, அங்குள்ள குடும்பங்கள் இந்தப் பாடத்தைப் புஸ்தகமில்லாமலே படித்தார்கள்.

முகத்துவாரமும் மணலும்

இனிக் கடலின் பக்கம் திரும்புவோம். நம் சோழமண்டலக் கரையில் கடலலை கரைக்கு நேரே வந்து மோதுவதில்லை. சற்றுச் சாய்ந்து வருகிறது. அதனால் கரையோரத்து மணல் இடம் விட்டு இடம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கியும் நகருகிறது. வருஷக் கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போகும் மணலே மிகுதி. கண்ணுக்குத் தெரியாத மணல் நதி ஒன்று கரையை ஒட்டி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

1876-ம் வருஷத்தில் ஆங்கிலேயர் சென்னைத் துறைமுகத்தின் கல்லணைகளை எழுப்பத் தொடங்கினார்கள். 1881-ம் வருஷத்துப் புயல் அதைச் சிதைத்தும் விடாமல் மறுபடி கட்டினார்கள். மணல் நதிக்கு அதுவே அணையாயிற்று. தெற்கே தேங்கிய மணல்தான் இன்று நாம் காற்று வாங்கும் மெரீனாவை அவ்வளவு அகலமாக்கியது. வடக்கே, இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரையிலும் அதற்கு அப்பாலும், மணல் வரத்து நின்றுபோகவே கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. குப்பங்கள் பல வீடுகளை இழந்தன. இப்போது எண்ணூர் செல்லும் கடற்கரைச் சாலையின் ஓரமெல்லாம் பாறாங்கற்கள் அடுக்கிக் கிடப்பதன் காரணம் இதுதான். தென் சென்னை பெற்ற மணலுக்கு வட சென்னை விலை கொடுத்தது.

எண்ணூர் முகத்துவாரமும் இந்த மணலோடு ஓயாமல் போராடுகிறது. கடல் மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கப் பார்க்கும். ஓதத்தோடு ஏறியிறங்கும் நீரும் மழைக்கால வெள்ளமும் அதைத் தள்ளித் திறக்கும். உள்ளே கழி எவ்வளவு விசாலமோ அவ்வளவு நீர் ஒவ்வோர் ஓதத்திலும் ஏறி இறங்கும். அவ்வளவுக்கு வாய் திறந்திருக்கும். கழி சுருங்கினால் ஏறி இறங்கும் நீர் குறையும், மணல் ஜயித்துவிடும். ஆகவே கழியின் ஒரு மூலையைத் தூர்த்தவர்கள் அந்த மூலையோடு நிற்பதில்லை. முகத்துவாரத்தையும் சேர்த்தே தூர்க்கிறார்கள்.

கண்டலும் சேறும்

எண்ணூரில் ஓதத்தின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் அதிகமில்லை; பௌர்ணமி அமாவாசைகளில்கூட ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆனால் சமதரையில் ஒரு மீட்டர் என்பது சாமானியமா? அதற்குள் ஏக்கர் ஏக்கராகச் சேறு வெளியே தெரியும், மறுபடி மூழ்கும்.

ஆறு கொண்டுவரும் வண்டல் உப்புநீர் பட்டவுடன் துகள் துகளாக ஒட்டிக்கொண்டு கனத்துக் கீழே தங்குகிறது. நாள்தோறும் படியும் அந்த வண்டலே கழியின் சேறு. மேலே ஒரு விரற்கடை ஆழம் வரையில்தான் அதில் காற்று உண்டு. அதற்குக் கீழே கறுத்திருக்கும். கிளறினால் அழுகிய முட்டையின் நாற்றம் அடிக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு அசுத்தம் என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது காற்றில்லாமலே வாழும் நுண்ணுயிர்கள், மட்கிய இலையையும் தழையையும் சிதைப்பதன் அடையாளம். அந்தச் சிதைவே புழுவுக்கும் நத்தைக்கும் நண்டுக்கும் இறாற்குஞ்சுக்கும் உணவாக மாறுகிறது.

அப்படிப்பட்ட சேற்றில் எந்த மரம் நிற்கும்? வேருக்குக் காற்றில்லை, தண்ணீரோ உப்பு. வெண்கண்டல் நிற்கிறது. அது தன் வேரிலிருந்து விரல் விரலாக மூச்சுவேர்களை மேலே நிமிர்த்தி, வற்றம் வரும்போது அவற்றின் வழியாகச் சுவாசிக்கிறது. உறிஞ்சிய உப்பில் ஒரு பகுதியை இலையின் வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. இலையை நாவில் வைத்தால் கரிக்கும். விதையோ மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, விழுந்த கையோடு சேற்றில் வேரூன்றத் தயாராயிருக்கிறது. வெண்கண்டலின் இனத்தைச் சேர்ந்த மரம் ஒன்று, பான் தார்கேன் பூங்காவிலும் இருக்கிறது என்பது நேயர்களுக்கு ரஸமாயிருக்கும். கண்டலுக்குப் பின்னால், சற்று மேடான உப்புத் தரையில், கையால் பிதுக்கினால் நீர் கசியும் உமரிச் செடி படர்ந்திருக்கும்.

வற்றத்தில் சேறு வெளிப்பட்டவுடன் பறவைகள் பந்திக்கு உட்காருகின்றன. ஒரே இலையில் எல்லாரும் உண்டாலும் சண்டையில்லாத பந்தி அது. உப்புக்கொத்திக்கு அலகு குட்டை. அது மேல்பரப்பில் ஓடுவதைக் கொத்தும். உள்ளான்களின் அலகு நீளம். அவை அலகை உள்ளே செலுத்திப் புழுவை இழுக்கும். நாரை முழங்கால் நீரில் தவம் செய்யும். கூழைக்கடா ஆழமான இடத்தில் தன் பையால் மீனை அள்ளும். பூநாரைகள் பழவேற்காட்டுப் பக்கத்தில் அதிகம். அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, சல்லடையால் சலிப்பதுபோல் நுண்ணிய உணவைச் சலித்தெடுக்கின்றன. அட்லாண்டிக் கரையோரப் பாதையில் போகும் பறவைகளுக்குப் பான் தார்கேன் எப்படியோ, மத்திய ஆசியப் பாதையில் இமயத்தைத் தாண்டி வரும் பறவைகளுக்குப் பழவேற்காடும் எண்ணூரும் அப்படி.

இறாலின் யாத்திரை

வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. பொரித்த குஞ்சு கண்ணுக்குப் புலப்படாத சிறு பிராணி. அது நீரோட்டத்தில் மிதந்து, பல உருவங்கள் மாறி, ஓதத்தோடு முகத்துவாரம் நுழைந்து கழிக்குள் வந்து சேருகிறது. அங்கே சேற்றிலும் கண்டல் வேர்களின் இடுக்கிலும் ஒளிந்து, தின்று, சில மாதங்கள் வளருகிறது. வளர்ந்தபின் மறுபடி கடலுக்குப் போகிறது. சேற்று நண்டின் கதை இதற்கு எதிர்ப்புறமாகத் தொடங்கும்: கழியில் வளர்ந்த பெண் நண்டு முட்டையிடக் கடலுக்குச் செல்லும். மடவையும் கடலில் முட்டையிட்டுக் கழியில் குஞ்சை வளர்க்கும் ஜாதிதான். ஆழ்கடலில் விசைப்படகுக்காரர் பிடிக்கும் இறாலில் எவ்வளவோ பங்கு, ஒரு காலத்தில் ஏதோ ஒரு கழியின் சேற்றில் தவழ்ந்த குழந்தைதான்.

இந்த யாத்திரையை அறிந்து வாழ்பவர்கள் முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் முதலிய ஊர்களின் மீனவர்கள். எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் 'பாடு' என்று ஒரு முறை வழங்கிவருகிறது. ஆற்றில் வலை கட்டுவதற்கு நல்ல இடங்கள் சிலவே உண்டு. அவற்றை ஒருவரே ஆண்டு அனுபவித்தால் மற்றவர் வயிறு காயும். ஆகவே ஊரார் கூடி, இன்று இவர் முறை, நாளை அவர் முறை என்று பங்கிட்டுக்கொள்கிறார்கள். நீருக்கு எல்லைக்கல் நட முடியாது, காலத்துக்கு நட்டிருக்கிறார்கள்! போலீஸும் கோர்ட்டும் வகுத்துக் கொடுக்காத நியாயம் இது.

வலையும் படகும் இல்லாதவர்களுக்கும் கழி இலையில் சோறு வைக்கிறது. இருளர் ஜாதி ஸ்திரீகளும் புருஷர்களும் இடுப்பளவு, மார்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறாலைப் பிடிக்கிறார்கள். இரண்டு கையும் நீருக்குள் வேலை செய்வதால், பிடித்ததைப் போடும் பறியை வாயால் கவ்விக்கொள்கிறார்கள். நம் வீட்டு அடுப்பில் கொதிக்கும் இறாற் குழம்புக்குப் பின்னால் அப்படி ஒரு பல் வலியும் இருக்கிறது.

உப்பளமும் மணல்மேடும்

கழியின் மேட்டுப் பகுதிகளில், வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்திலேயே எண்ணூர், வல்லூர், அத்திப்பட்டு முதலிய இடங்களில் உப்பளங்கள் இருந்தன. 1930-ம் வருஷத்தில் ஸ்ரீ ராஜாஜியின் தலைமையில் வேதாரணியத்துக்கு நடந்தவர்கள் எந்த உப்பின் சுதந்திரத்துக்காக அடிபட்டார்களோ, அந்த உப்பு கம்பெனிக் காலத்திலிருந்தே சர்க்காரின் ஏகபோகப் பண்டமாயிருந்தது. உப்பளம் மனிதன் வகுத்த பாத்திதான் என்றாலும் கழிக்கு விரோதியல்ல. கோடையில் ஜனங்களுக்கு உப்புத் தரும். மாரியில் பாத்திகள் மூழ்கி வெள்ளத்துக்கு இடம் கொடுக்கும். பறவைகள் அங்கேயும் இரை தேடும். அந்த உப்பளங்களில் பெரும்பகுதி பின்னால் தொழிற்சாலை மனையாக மாறிவிட்டது.

கழிக்கும் கடலுக்கும் நடுவே மெல்லிய வேலிபோல் நீண்டிருப்பது காட்டுப்பள்ளி. அது முழுதும் மணல். அடும்புக் கொடி தன் ஆட்டுக்குளம்பு இலைகளால் மணலைப் போர்த்துப் பிடிக்கிறது. இராவணன் மீசைப் புல் முள்முள்ளாய் நின்று காற்றோடு பறக்கும் மணலைத் தடுத்து மேடாக்குகிறது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து, கிணற்றில் நல்ல தண்ணீராகக் கிடைக்கிறது. புயல் வீசும்போது கடலின் முதல் அடியைத் தாங்குவதும் இந்த மேடுதான்.

கழிக்கு நேர்ந்தது

சுதந்திரம் வந்தபின் தேசத்துக்கு மின்சாரம் வேண்டியிருந்தது, துறைமுகம் வேண்டியிருந்தது. அவற்றை வேண்டாம் என்று எவரும் சொல்ல மாட்டார். எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ல் தொடங்கி 2017-ல் மூடப்படும் வரையில் நமக்கு வெளிச்சம் தந்தது. வட சென்னை அனல் மின் நிலையம் 1994-ல் வந்தது. எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் திறக்கப்பட்டு, பின்னர் காமராஜர் பெயரைப் பெற்றது. அதற்கடுத்துக் காட்டுப்பள்ளியிலும் ஒரு துறைமுகம் எழுந்தது. இவற்றையெல்லாம் வைக்க இடம் தேடியபோது, 'சும்மா கிடக்கும்' இடமாகக் கண்ணில் பட்டது இந்தக் கழி.

நிலக்கரி எரித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சேப்பாக்கம் கிராமத்துப் பக்கம் உள்ள சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய்கள் கசிந்தன. சாம்பல் கழியில் கொட்டிப் படிந்து, ஆழத்தைக் குறைத்து, சேற்றின் மூச்சை அடைத்தது. மின் நிலையங்களிலிருந்து வரும் வெந்நீரும் கழியில் கலந்தது. 2022-ம் வருஷத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், சாம்பலால் நேர்ந்த கேட்டுக்கு மின் வாரியத்தைப் பொறுப்பாக்கித் தீர்ப்புக் கூறியது.

மறுவருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. மணலியிலுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்திலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழியில் பரவியது. கண்டல் வேரிலும் படகிலும் வலையிலும் எண்ணெய் ஒட்டியது. கூழைக்கடாக்கள் கறுத்த சிறகுகளோடு உட்கார்ந்திருந்த படங்களைப் பத்திரிகைகளில் நேயர்கள் பார்த்திருப்பார்கள். மூச்சுவேரின் மேல் எண்ணெய் பூசினால் மரத்தின் மூக்கைப் பொத்தினதற்குச் சமானம் என்பதை முன்பே சொன்ன விவரத்திலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

இது போதாதென்று ஓர் அயல்நாட்டுச் சிப்பியும் வந்து குடியேறிவிட்டது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த அந்தச் சிறு சிப்பியை மீனவர்கள் 'காக்கா ஆழி' என்கிறார்கள். அது பாய் விரித்ததுபோல் சேற்றை மூடி, இறால் தங்கும் தரையைக் கல்லாக்கிவிடுகிறது. இறாலைக் கையால் துழாவிப் பிடிப்பவர்களின் விரலையும் காலையும் கிழிக்கிறது.

படத்திலே மறைந்த நீர்

இந்தக் கேடுகளுக்கெல்லாம் முந்திய கேடு ஒன்று உண்டு. அது காகிதத்தில் நடந்தது. மத்திய அரசாங்கம் 1991-ம் வருஷத்தில் கடற்கரைப் பிரதேசங்களைக் காக்க ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதன்படி 1996-ல் அங்கீகரிக்கப்பட்ட தேசப்படத்தில், எண்ணூர்க் கழியில் சுமார் 6,500 ஏக்கர், கட்டடம் எழுப்பக்கூடாத பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தது. ஆனால் 2017-ம் வருஷத்தில், கழியே காணாத வேறொரு படம் வெளிவந்து பெரிய விவாதம் மூண்டது. மீனவர்கள் நாள்தோறும் வலை வீசும் நீரை எழுதுகோல் ஒன்று அழித்துவிட்டது! படத்தில் இல்லாத ஆற்றை யார் காப்பாற்றுவது? படத்தில் வெற்றிடமாயிருக்கும் இடத்தில் மண் கொட்டுவதை எந்தச் சட்டம் தடுப்பது?

படத்தை அலட்சியம் செய்வதன் பலனைப் பான் தார்கேனும் ஒரு முறை உலகத்துக்குக் காட்டியிருக்கிறது. 1816-ம் வருஷத்தில் மெதூஸ் என்ற பிரெஞ்சுக் கப்பலின் தலைவன், தான் எங்கே இருக்கிறோம் என்பதைத் தவறாகக் கணித்து, அந்த ஆழமில்லாத திட்டில் கப்பலை ஏற்றிவிட்டான். படகுகளில் இடமில்லாமல் சுமார் 150 பேர் ஒரு தெப்பத்தில் விடப்பட்டார்கள். பதின்மூன்று நாளைக்குப் பின் தெப்பத்தில் உயிரோடு அகப்பட்டவர்கள் பதினைந்து பேர்தான். சேறும் மணல்திட்டும் தம்மை அறியாதவரை மன்னிப்பதில்லை. நம் பட்டணமும் தன் வெள்ள வாசல் எங்கே என்று அறியாமல் வீடு கட்டிக்கொண்டே போனால், தெப்பத்தில் ஏறுகிறவர்கள் மணலியிலும் எண்ணூரிலும் உள்ள ஏழை ஜனங்களாகத்தான் இருப்பார்கள்.

செய்யக்கூடியது ஒன்றுமில்லையா? உண்டு. தென் சென்னையில் குப்பை மேடாகிக்கொண்டிருந்த பள்ளிக்கரணைச் சதுப்பு, பலருடைய விடாமுயற்சியால் காக்கப்பட்டு, 2022-ம் வருஷத்தில் சர்வதேச ராம்சர் ஜாபிதாவில் ஏறியது. தெற்குக்கு நடந்தது வடக்குக்கும் நடக்கலாம். எண்ணூரைச் சுற்றி வேலி போட்டு மீனவரை வெளியேற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பான் தார்கேனில் பாய்மரமும் மனிதனும் பூங்காவுக்குள்ளேயே இருக்கிறார்கள். பாடு முறை அறிந்த ஜனங்களைவிட நல்ல காவலர் எண்ணூருக்குக் கிடைப்பார்களா? வேண்டியவை இரண்டே. கழி முழுவதும் உள்ளபடி படத்தில் ஏற வேண்டும். படத்தில் உள்ளபடி தரையில் நிற்க வேண்டும். சாம்பலையும் மண்ணையும் அகற்றினால் சேறு மறுபடி மூச்சுவிடும். கண்டலுக்கு உப்புநீரும் ஓதமும் தடையின்றி வந்தால் போதும். அது தானே விதைத்துத் தானே வளர்ந்துகொள்ளும்.

வருகிற தை மாதத்தில் ஒரு விடுமுறை நாள், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காலை ரயிலில் எண்ணூருக்குப் போய் வாருங்கள். ஓதம் வற்றியிருக்கும் வேளையாகப் பார்த்துப் போனால் நல்லது. ஆறு எது, கால்வாய் எது, கடல் எந்தப் பக்கம் என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். வீட்டுக்குத் திரும்பியபின் ஒரு காகிதத்தில், பூண்டியிலிருந்து முகத்துவாரம் வரை அந்த நதியைத் தங்கள் கையாலேயே வரையட்டும். பெரியவர்களாகி உத்தியோகம் பார்க்கும் காலத்தில், அவர்கள் மேஜைக்கு ஒரு நாள் எண்ணூரின் படம் வரக்கூடும். அதில் கழி இல்லையென்றால் கையெழுத்துப் போடுமுன் அவர்களாவது கேட்பார்கள்: "ஆறு எங்கே?"